குசினியோரத்து ஈரப்பலா

சிறைச்சாலை,
11.02.2024

மதிப்புக்குரிய ஹுஸ்னியா ராத்தாவுக்கு, தம்பி முர்ஷித்தின் ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ், உடம்புக்கு ஒன்றுமில்லை. சோற்றில் ருசியில்லை என்பதைத் தவிரக் குறை சொல்ல ஏலாது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷினை நாள் முழுக்க மிதிக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

இங்கிருந்து போன் கதைக்க முடியாது. மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த சிறை அதிகாரி, மாத்தையா, ஒருவர்தான் இருக்கிறார். அவர் வாசித்து முத்திரை குத்தின பிறகுதான் கடிதம் போவதும் வருவதும். சுணங்கினால் பயப்பட வேண்டாம். பெண்சாதி றிஸ்லாவுக்கு நேரே எழுத எனக்கு முகமில்லை. நீங்கள் இரண்டு ஒழுங்கை தள்ளித்தானே இருக்கிறீர்கள், கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்.

தீர்ப்புச் சொன்ன அன்று, உண்மையில் என்னடா நடந்தது என்று கேட்டீர்கள். பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றதால் பதில் சொல்லவில்லை. சாகாமத்து வயல் வட்டையில் லொறியில் நெல் ஏற்றிக்கொண்டு வந்தேன். நல்ல பகல், பன்னிரண்டு மணி. முன்னால் போன கனகரெத்தினம் ஐயா சைக்கிளைத் திடீரென்று நடு ரோட்டுக்குத் திருப்பிவிட்டார். எந்த ட்ரைவராலும் பிரேக் பிடித்திருக்க முடியாது. அவருடைய உயிர் போனதும் நான் மூன்று வருடத்துக்கு உள்ளே வந்ததும் அல்லாஹ்வின் நாட்டம். வேறென்ன சொல்ல.

ஒரு விஷயம். நான் வரும்போது ஈரப்பலா முதல் தடவையாகப் பூ விட்டிருந்தது. விரல் மாதிரித் தொங்குகிற பூ உதிரும், அது ஆண்பூ. பிஞ்சு தனியாக உருண்டையாக வரும். அது மழை விடாத ஊர் மரம், ராத்தா. மகள் முஸ்பிறா பிறந்த கிழமை, காலிப் பக்கம் அரிசி இறக்கப் போன இடத்தில், காட்டோரத்து வீடொன்றில் வேரிலிருந்து கிளம்பின கன்றைக் கெஞ்சி வாங்கி, நனைந்த சாக்கில் சுற்றி, லொறியில் என் பக்கத்து சீட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். நம்முடைய உப்புக் காற்றுக்கு நிற்காது என்று எல்லாரும் சொன்னார்கள். கழுவுகிற தண்ணீர் வேருக்கு ஓடட்டும் என்று குசினிச் சுவரோரம் நட்டேன். சுவருக்கு ரொம்பக் கிட்ட என்று றிஸ்லா அன்றைக்கே சொன்னாள். நின்றுவிட்டதா இல்லையா? காய்த்தால் எத்தனை என்று மறக்காமல் எழுதுங்கள்.

மகளைக் கூட்டிக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டாம். கம்பிக்குப் பின்னால் அவள் என்னைப் பார்க்கக் கூடாது. துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
முர்ஷித்


கல்முனைக்குடி,
14.07.2024

அன்புத் தம்பி முர்ஷித்துக்கு, ராத்தாவின் ஸலாமும் துஆவும்.

இங்கே எல்லோரும் சுகம். நோன்பில் உனக்கு ஒரு பதில் எழுதினேன், அது உன் கைக்கு வரவில்லை என்று தெரிகிறது. திரும்பவும் எழுதுகிறேன். முழங்கால் அதே மாதிரித்தான். பெருநாளைக்கு அபாயா தைக்க இருபது பேர் வந்தார்கள். மிதிக்காமல் எப்படி?

மரம் காய்த்தது. பதினொரு காய். முதல் காயை றிஸ்லா தேங்காய்ப்பால் விட்டு ஆக்கி, எனக்கு ஒரு கோப்பை கொண்டுவந்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. மற்றவற்றை ஒழுங்கை முழுக்கப் பகிர்ந்தாள். முஸ்பிறா விரலில் காயின் பால் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்று மூன்று நாள் எல்லோரிடமும் காட்டித் திரிந்தாள். முதலாம் ஆண்டில் சேர்த்தாயிற்று. வாப்பா என்று எழுதப் பழகிவிட்டாள். வீட்டுச் சுவர் முழுக்க வாப்பாதான், கரிக்கட்டியால்.

இனி, றிஸ்லா சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டும். மரம் குசினிப் பக்கம் சாய்ந்து வருகிறது. கச்சான் காற்றில் கொப்பு கூரைத் தகரத்தில் உரசுகிற சத்தம் பாதையில் போகிறவனுக்கும் கேட்கிறது. போன கிழமை அவள் என்னிடம் வந்து, “ராத்தா, புள்ளய வெச்சிக்கொண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. மாரி தொடங்க முந்தி வெட்டிருவம். அவருக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டு எழுதுங்க” என்றாள்.

வீடு அவளுடையது, சீதனமாக வந்தது. உன்னைக் கேட்காமல் வெட்டினாலும் யாரும் ஒன்றும் சொல்ல ஏலாது. ஆனாலும் கேட்கிறாள். நீ யோசித்து எழுது. எனக்கென்றால் காய்க்கிற மரத்தை வெட்ட மனமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். யாரோடும் வாய் கொடுக்காதே.

இப்படிக்கு,
ஹுஸ்னியா


சிறைச்சாலை,
08.09.2024

அன்பின் ராத்தாவுக்கு ஸலாம். நான் சுகம், உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆக் கேட்கிறேன்.

பதினொரு காய் என்று வாசித்ததும் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். மாத்தறையில் இருந்து வந்த ஒருவர் சிரித்தார். அவர்கள் ஊரில் அது மாட்டுக்கும் போடுகிற காயாம். உப்புக் காற்றில் வளர்த்துப் பாருங்கள், அப்போது தெரியும் என்றேன்.

ராத்தா, அந்த மரத்தில் கத்தி வைக்க வேண்டாம்.

ஈரப்பலாவின் கொப்பு முறியும், அது அந்தச் சாதியின் குணம். ஆனால் அடிமரம் சாயாது. ஆறு வருடம் தண்ணீர் ஊற்றினவன் சொல்கிறேன். தகரத்தில் உரசுகிற கொப்பை நான் வந்து கழிப்பேன். அதுவரை கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வீடு றிஸ்லாவுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாதா? அந்த வளவில் கதவும் கிணறும் மதிலும் அவளுடைய வாப்பா கட்டினது. நான் அங்கே ஒரு ஆம்பிளை இருந்தேன் என்பதற்கு நிற்கிறது அந்த மரம் ஒன்றுதான். இங்கே நான் வெறும் இலக்கம். இரவு படுத்தால் அந்த மரத்தின் இலையை ஒவ்வொன்றாக நினைத்துத்தான் கண்ணை மூடுகிறேன். அதை வெட்டினால், எனக்குத் திரும்பி வர வீடில்லை என்று எடுத்துக்கொள்வேன். இதை றிஸ்லாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

மகளுக்கு என் முத்தம்.

முர்ஷித்


கல்முனைக்குடி,
19.01.2025

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

நீ மார்கழியில் போட்ட கடிதம் கிடைத்தது. புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள், என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் நடக்கவில்லை. மழைதான். மாவடிப்பள்ளிப் பக்கம் வட்டையெல்லாம் வெள்ளம், எங்களுக்கு ஒழுங்கையில் முழங்கால் அளவு நின்று வடிந்துவிட்டது. எனக்குக் கையில் ஒரு வலி, ஊசி பிடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதச் சுணங்கியது. நீ வேறு ஒன்றும் நினைத்துவிடாதே.

மரம் நன்றாக நிற்கிறது. இந்த முறையும் காய் பிடித்திருக்கிறது.

றிஸ்லா சுகம். அவளுக்கு இடியப்பம் அவித்து விற்கிற வேலை கூடிவிட்டது. உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். முஸ்பிறாவும் சுகம்.

சாப்பாட்டை வீணாக்காமல் சாப்பிடு. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

ஹுஸ்னியா ராத்தா


சிறைச்சாலை,
16.03.2025

அன்பின் ராத்தாவுக்கு, நோன்பின் பரக்கத் உங்கள் எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

கை வலி எப்படி? நீங்கள் எழுதின கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. முந்தியெல்லாம் கோழி முட்டையிட்டதைக்கூட எழுதுகிறவர் நீங்கள். கைதான் காரணம் என்றால் இன்னும் கொஞ்ச நாள் எழுதாமல் இருந்தாலும் பரவாயில்லை.

றிஸ்லா ஒரு வரி எழுதக் கூடாதா? வெட்ட வேண்டாம் என்றதில் கோபமா? கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதட்டும். இங்கே வாரத்துக்கு ஒரு நாள் கடிதம் கொடுப்பார்கள். மாத்தையா பேர் கூப்பிடுவார். கூப்பிட்டு முடிகிற வரைக்கும் நிற்பேன், மறுகா போய்ப் படுத்துவிடுவேன்.

எனக்கு ஒரு ஆசை. முஸ்பிறாவிடம் ஒரு நூலைக் கொடுத்து, மரத்தைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவளுடைய நெஞ்சளவு உயரத்தில். சுற்று முடிகிற இடத்தில் வெட்டி அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். நூலுக்கு மாத்தையா ஒன்றும் சொல்ல மாட்டார், கேட்டுவிட்டேன். மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மகள் கை பட்ட ஒன்று என்னிடம் இருக்கவும் வேண்டும்.

பெருநாளைக்கு அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள். மஞ்சள் நிறம்.

முர்ஷித்


கல்முனைக்குடி,
22.04.2025

அன்புத் தம்பிக்கு ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்தது.

நீ கேட்ட நூலை உள்ளே வைத்திருக்கிறேன். முஸ்பிறாதான் பிடித்தாள். மஞ்சள் சட்டை தைத்துக் கொடுத்தேன், அழகாக இருந்தது. மரம் இந்த முறை நாற்பது காய் காய்த்திருக்கிறது. பெரிய காய், ஒன்று இரண்டரைக் கிலோ வரும். நானே நிறுத்துப் பார்த்தேன். வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கிறது, மஞ்சளில் பொரித்துச் சாப்பிட்டோம். அதை விற்றே றிஸ்லாவின் பாடு நடக்கிறது. நீ அந்த மரத்தை வைத்துவிட்டுப் போனது எவ்வளவு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

றிஸ்லா கோபமில்லை. எழுதுவாள். நேரமில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொள்கிறேன். நீ உன்னைப் பார்.

ஹுஸ்னியா


சிறைச்சாலை,
25.05.2025

ராத்தாவுக்கு ஸலாம்.

நூல் கிடைத்தது. உள்ளே வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் அந்த மரத்தைச் சாண் பிடித்து அளந்தேன். நாலு சாண். நீங்கள் அனுப்பின நூல் மூன்று சாணுக்கும் குறைவு. முதலில் நூல் சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். தண்ணீரில் நனைத்து இழுத்துப் பார்த்தேன். அதே அளவுதான்.

மரம் தேயுமா ராத்தா?

காய்க்கத் தொடங்கி இரண்டாம் வருடத்து மரம் நாற்பது காய் காய்க்குமா?

உம்மா மௌத்தாகும்போது என்னை உங்கள் கையில் தந்தா. அதற்குப் பிறகு நீங்கள் எனக்குப் பொய் சொன்னதில்லை. வெட்டிவிட்டீர்கள் என்றால் வெட்டிவிட்டோம் என்று எழுதுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேறு ஏதும் என்றால் அதையும் எழுதுங்கள்.

முர்ஷித்


கல்முனைக்குடி,
29.06.2025

தம்பி முர்ஷித்துக்கு, உன் மேல் ஸலாம் உண்டாகட்டும்.

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நீ இதை இருந்துகொண்டு வாசி. முதலில் ஒன்று. முஸ்பிறா உயிரோடு இருக்கிறாள். நேற்றும் என் வீட்டில் சோறு சாப்பிட்டாள். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை வாசி.

அந்த நூல் என் வளவு முருங்கை மரத்தைச் சுற்றினது. நான்தான் பிடித்தேன். இரண்டரைக் கிலோக் காய் சந்தையில் வாங்கினது. உனக்கு எழுதுவதற்காகவே வாங்கி, நிறுத்து, பொரித்து வைத்தேன். பொரித்ததைக் கோழிக்குப் போட்டேன்.

நவம்பர் கடைசிக் கிழமை மூன்று நாள் விடாமல் மழை. மணலெல்லாம் ஊறிக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் நாள் விடிய ஆறரை மணிக்குக் காற்று கிளம்பியது. றிஸ்லா இடியப்பப் பெட்டியைக் கொடுக்க வாசல் படலையடிக்குப் போயிருந்தாள். பிள்ளை அடுப்படிச் சூட்டுக்குக் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளி எனக்கே சத்தம் கேட்டது. மரம் முறியவில்லை தம்பி. வேரோடு சாய்ந்தது. குசினிச் சுவரையும் தகரத்தையும் கொண்டு பிள்ளைக்கு மேல் விழுந்தது.

இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. முழங்காலும் நொறுங்கியது. மூன்று தரம் ஒப்பரேஷன் செய்தார்கள். இப்போது தடியை ஊன்றி நடக்கிறாள். அந்தக் கால் ஒரு அங்குலம் குட்டை. முழங்கால் மடங்காது. மடங்குமா என்று கேட்டால் டொக்டர்மார் வளர்ந்த பிறகு பார்ப்போம் என்கிறார்கள்.

உனக்கு எழுத வேண்டாம் என்று றிஸ்லாதான் சொன்னாள். “அவர் மறியல்ல இருந்துகொண்டு என்ன செய்யப் போறார்? சுவரில தலைய மோதிக்கொள்ளுவார். எழுதாதீங்க” என்றாள். அவள் சொன்னதால்தான் மறைத்தேன் என்று இத்தோடு முடித்துவிட்டிருக்கலாம். முதல் மூன்று தரமும் அப்படித்தான் முடித்தேன். அதனால்தான் கிழித்தேன்.

நீ வெட்ட வேண்டாம் என்று எழுதின கடிதம் ஒரு புதன்கிழமை வந்தது. அதற்கு முன்னமே றிஸ்லா மரம் அறுக்கிற ஸஜாத்தைப் பேசி வைத்திருந்தாள். உன் பதிலுக்கு இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இனிக் காத்திருக்க ஏலாது என்று முடிவெடுத்திருந்தாள். அவன் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. எனக்கு அது தெரியும். நான் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் என் வீட்டு அலுமாரியில் வைத்திருந்தால் போதும். வைத்திருக்கவில்லை. வியாழன் காலையில் கடிதத்தையும் கொண்டு ஓடினேன். ஸஜாத் மெஷினைக் கையில் எடுத்துவிட்டான். நான் மரத்தடியில் போய் நின்றுகொண்டு, “என்ட தம்பி வாற வரைக்கும் இதில ஒராளும் கை வைக்க ஏலாது” என்றேன். உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். திரும்பி வர வீடில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். றிஸ்லா கேத்தலை அடுப்பில் வைத்தாள். ஸஜாத்துக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

மரம் விழுந்த அன்று அதே ஸஜாத்தான் மழையில் ஓடி வந்து, அடிமரத்தை மூன்று துண்டாக அறுத்துப் பிள்ளையை வெளியே எடுத்தான்.

றிஸ்லா என்னை அன்றைக்கும் ஏசவில்லை, இன்றைக்கும் ஏசவில்லை. பிள்ளையை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோகிற நாட்களில் என்னைத்தான் கூட வரச் சொன்னாள். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நீ நல்லவன் என்று காட்டத்தான் நான் அந்த மரத்தடியில் நின்றேன். ஊரெல்லாம் உன்னைக் கொலைகாரன் மாதிரிக் கதைத்தது. அவன் வைத்த மரம் இது, பாருங்கள் என்று காட்ட எனக்கு ஒன்று தேவைப்பட்டது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. கிடைத்தவுடன் ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதினால் போதும்.

உன் ராத்தா,
ஹுஸ்னியா


சிறைச்சாலை,
12.10.2025

அன்பு றிஸ்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ராத்தாவின் கடிதம் ஜூலையில் கிடைத்தது. உயிரோடு இருக்கிறேன் என்று அவருக்கு அன்றே ஒரு தபால் அட்டை போட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் எழுதவில்லை. முதல் மாதம் ராத்தாமேல் கோபமாக இருந்தேன். மறுகா உன்மேல், ஏன் என் பேச்சைக் கேட்டாய் என்று. அந்தக் கோபம் ஒவ்வொன்றும் சுற்றித் திரும்பி என்னிடமே வந்து நின்றது. பிறகு போக இடமில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதை நீதிமன்றத்திலும் சொல்லவில்லை, ராத்தாவிடமும் சொல்லவில்லை. கனகரெத்தினம் ஐயா சைக்கிளைத் திருப்பவில்லை. அவர் ஓரமாக, நேராகத்தான் போனார். அறுவடைக் காலம், இரண்டு நாள் தூங்காமல் ஓடினேன். எனக்குக் கண் அயர்ந்துவிட்டது. நான் விழித்தபோது லொறி அவர்மேல் இருந்தது. நாட்டம், நாட்டம் என்று இரண்டு வருடம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அடிமரம் சாயாது, எனக்குத் தெரியும் என்று எழுதினதும் அதே வாய்தான்.

அவருடைய மனைவி அன்னப்பிள்ளைக்கு உண்மையை எழுதி, மாத்தையாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். அனுப்பினார்.

நன்னடத்தைக்குக் கழித்து, பெப்ரவரியில் என்னை விடுவார்கள். வீடு உன்னுடையது. அந்த வீட்டுக்கு வரலாமா என்று உன்னிடம் கேட்கிறேன். வர வேண்டாம் என்றால் ராத்தா வீட்டு விறாந்தையில் படுத்துக்கொள்வேன். நீ சொல்வதுதான் முடிவு. இந்த முறை நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

முர்ஷித்


கல்முனைக்குடி,
02.11.2025

மகளுடைய வாப்பாவுக்கு, றிஸ்லா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

நானும் பிள்ளையும் சுகம். ராத்தாவுக்கு ரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, மருந்து எடுக்கிறா.

உங்களைத் தண்டிப்பதற்காக நான் எழுதாமல் இருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு வசனம்தான் வந்தது. அதை எழுதினால் நீங்கள் அங்கே என்ன செய்துகொள்வீர்களோ என்று பயமாக இருந்தது. அதை எழுதாமல் வேறு எதையும் எழுதவும் முடியவில்லை. இப்போது அந்த வசனம் உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ராத்தாவை ஒன்றும் சொல்லாதீர்கள். ஸஜாத்தைத் திருப்பி அனுப்பினது நான். வீடு என்னுடையது, பயம் என்னுடையது, மெஷினும் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு தாளுக்காக விட்டுக்கொடுத்தேன். உங்கள் மனது உடையக் கூடாது என்று நினைத்தேன். என் பிள்ளையின் கால் உடைந்தது. ஒவ்வொரு நாள் விடியவும் அவளுக்குச் சப்பாத்துப் போட்டுவிடும்போது உங்களிலும் என்னிலும் எனக்கு ஒரே அளவு கோபம் வருகிறது. பின்னேரம் கொஞ்சம் குறையும். அடுத்த நாள் திரும்ப வரும். இது எப்போது முடியும் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

குசினியை அதே இடத்தில் திரும்பக் கட்டினேன். மரம் நின்ற இடத்துக்கு சீமெந்து போட்டுவிட்டேன். நீங்கள் வந்து பார்த்து அதிர்ச்சிப்படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது முஸ்பிறா ஒரு நாள் என்னிடம், “உம்மா, மரம் விழும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. மறுகா ஏன் வெட்டல்ல?” என்று கேட்டாள். என்னால் பொய்யும் சொல்ல முடியவில்லை, உங்களைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. வாப்பாவிடம் கேள் என்றேன். அன்றிலிருந்து அவள் வேறு யாரிடமும் கேட்கவில்லை. நீங்கள் வருவீர்கள், கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வருவதற்கு முதல் அவளுக்குப் பதில் எழுதுங்கள். இப்போது நன்றாக வாசிப்பாள். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் பார்க்க மாட்டேன். அதற்குப் பிறகு அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் எனக்கும்.

றிஸ்லா


சிறைச்சாலை,
18.11.2025

அன்பு மகள் முஸ்பிறாவுக்கு, வாப்பாவின் ஸலாம்.

நீ உம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாய். உம்மா அதை எனக்கு எழுதினா.

ஓம் மகள். மரத்தை வெட்ட வேண்டும் என்று உம்மா சொன்னா. அது விழும் என்று உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வெட்ட வேண்டாம் என்று சொன்னது நான். விழாது என்று சொன்னதும் நான். அது சரியா என்று பார்க்க நான் அங்கே இருக்கவில்லை. இருந்தும் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். அது பிழை. உம்மாவும் ஹுஸ்னியா மாமியும் என் பேச்சை நம்பினார்கள், அவ்வளவுதான். உன் கால் முறிந்தது என்னால்.

இங்கே இருக்கிறவர் எல்லோரும் ஒரு பிழை செய்துவிட்டுத்தான் இருக்கிறோம். நான் ஒரு மனிதர்மேல் லொறியை ஏற்றிவிட்டேன். அதற்குத்தான் உள்ளே இருக்கிறேன். உன் காலுக்கு யாரும் எனக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. நீ என்னோடு கோபமாக இருக்கலாம். எவ்வளவு நாள் என்றாலும் இருக்கலாம். நான் வந்தால் பிடிக்காது என்றால் உம்மாவிடம் சொல். அதற்காக உன்னை ஒருவரும் ஏச மாட்டார்கள்.

உன்னைப் பற்றி நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை, மகள்.

வாப்பா


கல்முனைக்குடி,
11.01.2026

வாப்பாக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்க சுகமா?

இத நானேதான் எழுதுறன். உம்மா பாக்கல்ல. உங்கட கடிதத்த மூணு தரம் வாசிச்சன். மாமிக்கும் காட்டல்ல.

எனக்கு கோபம் இருக்கு. கொஞ்சம்.

இந்த வருசம் நான் மூணாம் ஆண்டு. எங்கட கிளாஸ் மேல்மாடிக்குப் போயிட்டு. இருபத்திரெண்டு படி. எனக்கு கால் மடங்காது, ஒவ்வொரு படியா ஏறினா மணி அடிச்சிரும். இப்ப உம்மா இடியப்பத்த விட்டுட்டு வந்து தூக்கிக்கொண்டு ஏத்துறா. உம்மாக்கு இடுப்பு நோகுது. சொல்லமாட்டா, ஆனா எனக்குத் தெரியும்.

நீங்க வந்தா விடியவும் விடுற நேரமும் என்னத் தூக்க ஸ்கூலுக்கு வருவீங்களா? எல்லா நாளும் வரணும். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஸ்கூல் இல்ல. நீங்க வாறண்டா நான் டீச்சருக்கிட்டச் சொல்லணும், ஆம்பிளையள உள்ளுக்க விட மாட்டாங்க.

கெதியா பதில் போடுங்க.

முஸ்பிறா